பல் எடுக்கத் துணைக்கு வந்தவர்

கிராம்பு எண்ணெயில் பஞ்சை நனைத்து வைத்தும் பல்வலி அப்படியே இருந்தது. கூடுதலாக ஈறும் வெந்துபோனது. சத்தியப்பிரியா கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"உப்புத் தண்ணியச் சூடாக் கொப்பளி. சரியாப் போயிரும்," என்றான் கோபிநாத். அவளுடைய கணவன், கோட்டையூரில் மோட்டார் பம்பு கடை வைத்திருப்பவன். எந்த நோய்க்கும் அவனிடம் ஒரு யோசனை இருக்கும்.

கொப்பளித்தாள். நாக்கும் வெந்தது.

பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். மறுநாள் வகுப்பில் "விட்டம்" என்று சொல்ல வாயெடுத்தாள். "விக்கம்" என்று வந்தது. பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே காரைக்குடிக்கு பஸ் ஏறினாள்.

அங்கே பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். கடைசிப் பல் மேலே வராமல், பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தது.

"இத வச்சிருந்தா பக்கத்துப் பல்லும் கெட்டுரும்மா. எடுத்துருவோம்."

வீட்டில் சொன்னதும் கோபிநாத் பதறினான். "அது ஞானப்பல்லு பிரியா. எடுத்தா அறிவு மங்கிரும்பாக."

"அப்படியா? நீங்க எப்ப எடுத்தீக?"

அவன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தான்.

டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் கன்ன வீக்கம் வடிந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல," என்று அந்தச் சந்தோஷத்தில் அவன் முறுக்கு வாங்கிவந்தான். ஒரே கடிதான். மறுபடி கன்னம் பொம்மென்று ஆனது. இந்தத் தடவை அவள் யாரிடமும் யோசனை கேட்காமல் நாள் குறித்தாள்.

"நான் தனியாப் போயிட்டு வந்துருவேன். நீங்க கடையப் பாருங்க."

"பொண்டாட்டிய ஆபரேசனுக்குத் தனியா அனுப்புனான்னு ஊரு பேசவா? நானும் வாரேன். பக்கத்துல நின்னு தைரியம் சொல்றேன்."

வந்தான். ஸ்கூட்டர் ஓட்டும்போதே தைரியம் சொல்லத் தொடங்கிவிட்டான்.

ஊசி போட்டு, தாடை பாதி மரத்ததும் டாக்டரம்மா ஈறைக் கீறினார். கோபிநாத் எட்டிப் பார்த்தான். ஒரு சொட்டு ரத்தம்தான்.

"ஒண்ணுமில்ல பிரியா, ஒண்ணுமே..." என்று சொல்லிக்கொண்டே அப்படியே சரிந்தான். சரிகிற வழியில் மோவாய் மேசை விளிம்பில் இடித்துப் பிளந்தது.

டாக்டரம்மா அவனிடம் ஓடினார். நர்ஸும் ஓடினாள். வாய் நிறையப் பஞ்சோடு சத்தியப்பிரியா நாற்காலியில் மல்லாந்து கூரையைப் பார்த்துக் கிடந்தாள். அவன் மோவாயில் தையல் போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். விசிறினார்கள். "சார், ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "ஆ" என்றுதான் சொல்லியிருக்க முடியும்.

பிறகு திரும்பி வந்து பல்லை உடைத்து, துண்டு துண்டாக எடுத்தார்கள்.

"பஞ்சக் கடிச்சுக்கிட்டே இருங்க. பேசக் கூடாது. ஐஸ்கிரீம் சாப்பிடலாம். வீட்டுக்குப் போயி நல்லாப் படுத்து ரெஸ்ட் எடுங்க," என்றார் டாக்டரம்மா.

"சரிங்க டாக்டர்," என்றான் கோபிநாத்.

அவனுக்குத் தலை சுற்றியதால் ஸ்கூட்டரை அவளே ஓட்டினாள். தையல் போட்ட மோவாயைத் தலையோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, அவன் பின்னால் உட்கார்ந்து அவள் தோளில் சாய்ந்து வந்தான். தன் வாயோரம் எச்சில் வழிவது அவளுக்குத் தெரியவில்லை. எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் போன் அடித்தது. நெற்குப்பையிலிருந்து அவனுடைய அம்மா மலையம்மாள். கைவைத்தியத்தோடு வந்து இறங்கிவிடுவார் என்று பயந்து, பல் விஷயத்தை இருவரும் அவர் காதில் போடவே இல்லை.

"ஆமாத்தா, பல்லு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இப்பத்தான் வாரோம். தாடையில தையல் போட்டுருக்கு. வாயத் தொறந்தா வலிக்குது. வையி, அப்புறம் பேசுறேன்."

சத்தியப்பிரியா தன் கன்னத்தைச் சுட்டிக்காட்டி "ம்ம், ம்ம்" என்றாள். அதற்குள் அவன் போனை வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டான்.

இரண்டு மணி நேரத்தில் மரப்பு விட்டது. அப்புறம்தான் நிஜமான வலி வந்தது; தாடையிலிருந்து காதுக்கு, காதிலிருந்து உச்சந்தலைக்கு. பல்லைக் கடித்துப் பொறுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வாங்கிவந்த ஐஸ்கிரீமை அவள் கிண்ணத்தில் போட்டபோது வாசலில் ஆட்டோ நின்றது. இளநீர்க் குலையோடு மாமியார் இறங்கினார்.

வந்தவர் மகனைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார். "ஏய்யா, இப்படி ஆகிப்போச்சே," என்றபடி மருமகள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, அவனை எழுப்பி உட்காரவைத்து ஊட்ட ஆரம்பித்தார். அவன் கண்ணைக்கூட முழுசாகத் திறக்காமல் வாயை மட்டும் திறந்தான்.

கிண்ணத்தில் பாதி காலியானது. சத்தியப்பிரியா ஏதோ சொல்ல முயன்றாள். பஞ்சு தடுத்தது. பொலபொலவென்று கண்ணீர்தான் வந்தது. வலியா ஆத்திரமா என்று அவளுக்கே புரியவில்லை.

மலையம்மாள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்து, உப்பிப்போயிருந்த அவள் கன்னத்தைப் பரிவோடு தடவினார்.

"விடாத்தா. பல்லப் புடுங்கிக்கிட்ட எம் மகனே சும்மா உக்காந்துருக்கான், நீ கன்னம் வீங்குற அளவுக்கா அழுகுறது?"