பனிக் குச்சி துளிர்த்த வழக்கு

மின்னசோட்டா, ஜூன் 4

அன்புள்ள ஹெல்கா அக்காவுக்கு, தம்பி ஆர்வில் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் அத்தானும் பசுக்களும் நலம்தானே?

சனிக்கிழமை காலையில் அத்தானைப் பிக்கப் வண்டியோடு அனுப்பிவை. முன்வாசல் டாக்வுட் புதரைத் தோண்டி உன் பண்ணைக்குக் கொண்டுபோகட்டும். பறவைக்குப் பழம், பனிக்காலத்தில் கண்ணுக்குச் சிவப்புத் தண்டு என்று ஆசையாக நட்டு, முதல் வருஷம் முயல் தின்று, மறு வருஷம் மான் தின்று, கம்பிவலை கட்டிக் காப்பாற்றினேனே, அதே புதர்தான். கொடுக்க வயிறு எரிகிறது. ஆனால் தெருச் சங்கம் சனிக்கிழமை வரைதான் கெடு கொடுத்திருக்கிறது.

காரணம் பக்கத்து வீட்டு வெர்னா. காரணத்துக்குக் காரணம் நான். பனி தள்ளும் வண்டி புல்தரையைப் பெயர்த்துவிடக் கூடாதென்று நவம்பரில் எல்லோரும் கார்ப்பாதை ஓரம் குச்சி நடுவோமே, அதைக் கடையில் வாங்குவானேன் என்று புதரிலேயே இருபது தண்டு வெட்டிக் குத்தினேன், கை சும்மா இருந்ததா, வெர்னா வாசலிலும் இருபது குத்தினேன், வெள்ளைப் பனியில் அது செக்கச் செவேலென்று நிற்பதைப் பார்த்து அவளே, "பரவாயில்லையே ஆர்வில், உங்களுக்குக்கூட ரசனை இருக்கு"ன்னா. மே மாசம் அதே வெர்னா கதவைத் தட்டி, "வந்து பாருங்க, உங்க குச்சியெல்லாம் இலை விட்டிருக்கு! என் வாசலைக் காடாக்கவா பாக்கறீங்க?"ன்னு கத்தினா. எனக்குக் கோபமே வரலை அக்கா, வெறுங்குச்சி எப்படி வேர் விட்டுச்சுன்னு ஒரே அதிசயம், ஒண்ணைப் பிடுங்கி வேரைப் பாத்துக்கிட்டே, "நாப்பதில எத்தனை பிழைச்சுதுன்னு எண்ணிப் பாக்கலாமா?"ன்னு கேட்டுத் தொலைச்சேன். அன்னிக்கே, தாய்ப் புதரையே எடுக்கணும்னு சங்கத்துக்குப் புகார் போயிடுச்சு.

இன்னொரு விசித்திரம். நாலு நாளா அந்தப் புதருக்குள்ள ஒரு பூனை கத்துது. தேடினா ஆளைக் காணோம். மத்தி மீன் டப்பாவைத் திறந்து வச்சேன், தொடலை. "பூனை வேற வளக்கறீங்களா?"ன்னு வெர்னா அதுக்கும் பல்லைக் கடிக்கிறா. அது என்ன பூனைன்னு தெரியாமப் புதரை அனுப்பத்தான் மனசு வரலை.

அத்தானுக்கு என் வணக்கமும் கன்றுக்குட்டிகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
உன் தம்பி ஆர்வில்

பி.கு.: வண்டி வேண்டாம். பூனையைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று வெர்னாவே புதருக்குள் தலையை விட்டாள். பூனை இல்லை அக்கா, பூனை மாதிரிக் கத்துகிற சாம்பல் குருவி! கூட்டில் நாலு முட்டை, பச்சை கலந்த நீலம். சங்கத்துக்கு ஓடிப்போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிவிட்டாள். வந்த கையோடு புதரைச் சுற்றிக் கயிறு கட்டி, குஞ்சு பறக்கிறவரை யாரும் கிட்டே வரக் கூடாது என்று பலகையும் வைத்துவிட்டாள். நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேனாம், என்மேல் புதுப் புகார் போட்டிருக்கிறாள்.