கேஸ் கசியவில்லை, மாமா

ஷார்ஜா,
ஞாயிறு, மாலை ஐந்து மணி.

மரியாதைக்குரிய கார்மேகம் மாமா அவர்களுக்கு, பாண்டித்துரை வணக்கத்தோடு எழுதுவது. இங்கு நான் நலம், வலது முழங்கை தவிர. அங்கு தாங்களும் அத்தையும் சந்தியாவும் நலமாக இருக்க வேண்டும், தங்கள் சர்க்கரை அளவு உட்பட. போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், போனில் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். நேற்று உயர்ந்ததே போதும். சதக்கத்துல்லா பாய் இன்று ராத்திரி ஃப்ளைட்டில் ஊருக்கு வருகிறார். இறங்கியதும் கூரியரில் போட்டுவிடுவார்.

அத்தையின் அக்கா ஜெயமணி அத்தை இங்கே மகன் வீட்டுக்கு வந்திருப்பது என்னை எடைபோட்டு உங்களிடம் சொல்லத்தான் என்று அம்மா சொன்னாள். "வாயக் குறைச்சுக்கடா, அவ சரின்னாத்தான் சந்தியா உனக்கு" என்றாள். நானும் குறைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வரை குறைத்தேதான் வைத்திருந்தேன். சனிக்கிழமை அத்தையை ஜபல் ஹஃபீத் மலைக்குக் கூட்டிப்போய் அடிவாரப் பூங்காவையும் உச்சியையும் காட்டிவிட்டு ராத்திரிக்குள் திரும்புவது என்று திட்டம். சதக்கத்துல்லா பாயின் மளிகைக் கடைகளுக்கு ஃபயர் அலாரம் சர்வீஸ் பண்ணுகிறவன் நான்தான். அவர் புதிதாக ஒரு கேரவன் வண்டி வாங்கியிருக்கிறார். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. "நானே ஓட்டுறேன் தம்பி, அம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றார். அத்தை வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இது நடிகருங்க உக்காந்து மேக்கப் போடுற வண்டியில்ல?" என்று சந்தோஷப்பட்டு, அடுப்பைப் பார்த்ததும் இன்னும் சந்தோஷப்பட்டு, மகன் வீட்டுக்குள் போய் இட்லிக் கொப்பரை, சட்னி, இன்னும் ஏதேதோ கொண்டுவந்து கீழ் அலமாரியில் அடுக்கினார்கள். என்னவெல்லாம் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். இதை ஒத்துக்கொள்கிறேன்.

அல் ஐன் தாண்டியதும் வண்டிக்குள் கேஸ் அலாரம் கத்த ஆரம்பித்தது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், அதனால் அதை மோப்பம் பிடிக்கும் டிடெக்டரைத் தரையோரம்தான் வைப்பார்கள். இந்த வண்டியில் அது கீழ் அலமாரிக்குள் இருந்தது. மாமா, இது என் தொழில். நான் ஓரம் கட்டச் சொல்லி, சிலிண்டரை மூடி, பொறி எதுவும் வரக்கூடாதென்று ஏசியையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே இறக்கி, முப்பது மீட்டர் தள்ளி ஒரு பாறைப் பக்கத்தில் நிற்கவைத்து ஆள் எண்ணினேன். மூன்று பேர் இருந்தோம். விதிப்படி இரண்டு தடவை எண்ண வேண்டும், எண்ணினேன். "நாம மூணு பேர்தானப்பா கெளம்புனோம்?" என்றார்கள் அத்தை. நாற்பத்திரண்டு டிகிரி வெயில். அலாரம் நின்றது. ஏறினோம், ஐந்து நிமிஷத்தில் மறுபடி கத்தியது. இறங்கினோம், எண்ணினேன். மலைமேல் ஏறும் ஒவ்வொரு வளைவிலும் இதேதான். சோப்புத் தண்ணீர் தடவி கேஸ் குழாயின் ஜாயின்ட்டை எல்லாம் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை. வண்டிக்கு அடியில் புகுந்தும் பார்த்தேன், முழங்கை அங்கேதான் போனது. சிலிண்டரையே கழற்றி வெளியே வைத்தேன், அப்போதும் கத்துகிறது! கேஸே இல்லாத வண்டியில் எப்படி மாமா கேஸ் அலாரம் கத்தும்? நான் படித்த படிப்பெல்லாம் தலைகீழாகப் போனது போல இருந்தது. ரோந்து வந்த பாகிஸ்தானி காவலாளி ஒருவர், "க்யா ஹுவா பாய்?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாதபோது இந்தியில் என்னத்தைச் சொல்ல? "மாலூம் நஹி", தெரியவில்லை என்றேன். அவர் என் சட்டையில் இருந்த 'ஃபயர் அண்ட் சேஃப்டி' எழுத்தைப் படித்துவிட்டுப் போய்விட்டார்.

பாய் வேறு, "டிடெக்டர் நீங்க போட்டதுதான தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். நான் போட்டதுதான். அந்த நேரம் பார்த்து அத்தை, "ஏசிய அமத்திட்டியேப்பா, உள்ள அனலா இருக்கு, மாவு..." என்று ஆரம்பித்தார்கள். நான் என்னையறியாமல், "அத்தை, கொஞ்சம் வாய மூடுறீங்களா!" என்று சொல்லிவிட்டேன். மலையில் எதிரொலி வேறு. அத்தை மூடினார்கள். உச்சி வரை திறக்கவில்லை. உச்சியில் வண்டி நின்றதும், நான் திறந்தே பார்க்காத கீழ் அலமாரிக் கதவு தானாகத் திறந்து, வெள்ளையாக ஒன்று மெதுவாக வெளியே வந்தது. அஞ்சு லிட்டர் வாளி நிறைய இட்லி மாவு. விடிகாலையில் அரைத்தது, உச்சியில் சுடச்சுட ஊற்றுவதற்காம். நான் ஏசியை நிறுத்த நிறுத்த வெக்கையில் நுரைத்துப் பொங்கி, டிடெக்டரை மூழ்கடித்து, தரை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. புளிக்கிற மாவிலிருந்து ஆல்கஹால் ஆவி வரும் மாமா, டிடெக்டர் அதையும் கேஸ் என்றுதான் எடுத்துக்கொள்ளும். இது டிப்ளமோவில் இல்லை. அத்தை அப்போதுதான் வாய் திறந்தார்கள்: "அதத்தான் சொல்ல வந்தேன்."

அத்தையும் பாயும் பள்ளத்தாக்கைப் படம் எடுத்தார்கள், நான் மூன்று மணி நேரம் தரை துடைத்தேன். மலை எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பும்போது யாரும் பேசவில்லை. அலாரமும்கூட.

ஆகவே மாமா, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பெரியவர்களை வாயை மூடு என்றவனுக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. ஜெயமணி அத்தை சொல்லி நீங்கள் மறுப்பதற்கு முன் நானே விலகிக்கொள்கிறேன். சந்தியாவுக்கு நல்ல இடம் அமையட்டும். எனக்குச் சந்தியாவைப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், அதைச் சொல்லும் வேலையை இதுவரை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. அங்கே அத்தைக்கு என் நமஸ்காரமும் தங்களுக்கு என் மன்னிப்புக் கோரிக்கையும் சேரட்டும். வேளாவேளைக்கு மாத்திரை போடவும்.

இப்படிக்கு,
தங்கள் அக்கா மகன்,
பாண்டித்துரை

பி.கு.: உறையில் போடும்போது சந்தியா போன் செய்தாள். ஜெயமணி அத்தை நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்களாம். "எங்கப்பா முப்பது வருசமா பெரியம்மாகிட்ட சொல்ல நெனச்சத நீ மலைமேல நின்னு சொல்லிட்டியாம், ராத்திரி பூரா சிரிச்சிட்டுக் கெடந்தாரு. பெரியம்மாவும், திட்டுனாலும் துடைக்கத் தெரிஞ்ச பய, கட்டிவைங்கன்னுருச்சு. ஆவணியில நாள் பாத்தாச்சு. நீ எதாச்சும் கிறுக்குத்தனமா எழுதிக் கிழிச்சு வைக்காத" என்றாள். நான் பாஸானது எதில் என்று இன்னும் புரியவில்லை. விலகியதிலிருந்து விலகுகிறேன். திருப்பி எழுத நேரமில்லை, கீழே பாய் ஹாரன் அடிக்கிறார். மேலே உள்ளதில் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொள்ளவும்.