தூபக்கலசமும் என் வலது முழங்காலும்

பெல்பரோ மாளிகையின் நிர்வாகி, மதிப்பிற்குரிய திருமதி தோர்ன்லி அம்மையாருக்கு,

வரவேற்பறையில் வியாழன், வெள்ளி இரு நாளும் தொண்டுக்கு உட்கார்ந்திருக்கும் வில்ஃப்ரெட் நட்டல், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் பூனைகளும் சுகந்தானே? இங்கே ஓயாத மழை. நனைந்தாலும் நலமாயிருக்கிறேன்.

விஷயம் அந்தத் தூபக்கலசம். ஊதாக் கல்லும் பொன்முலாம் பூசிய ஆட்டுத்தலைகளுமாக என் நாற்காலியை ஒட்டி நிற்கிறதே, அதேதான். ஏப்ரல் மாதம் ஒரு பெண்மணி அதன்மேல் குனிந்து மோந்து பார்த்து, "அடேயப்பா, இருநூத்தம்பது வருஷமாச்சு, இன்னும் மணக்குதே!" என்றார். அது என் முழங்கால் தைலம் அம்மா. ஆனால் முன்பின் தெரியாத பெண்மணியிடம் முழங்காலைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது? "ஆமாங்க, மணக்குதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் நாலு பேரிடம் சொல்ல, நாலு பேர் நாற்பதாக, லண்டனிலிருந்து ஒரு நிபுணரே வந்து கண்ணை மூடி மூன்று தரம் இழுத்து, "கற்பூரம், கொஞ்சம் புதினா, ஏதோ கீழை நாட்டு மூலிகை" என்று எழுதிக்கொண்டு போனார். மூலிகை எதுவும் இல்லை, மருந்துக்கடைக் குப்பிதான். நீங்களும் "முகர்ந்து பாருங்கள்" என்று பலகை வைத்துவிட்டீர்கள். போன வியாழன் வெயிலடித்தது, கால் வலியில்லை, தைலம் போடாமல் வந்துவிட்டேன். வந்தவர்கள் எல்லாம் மோந்து மோந்து பார்த்து, "என்னங்க, ஒரு மண்ணும் வரலியே!" என்று என்னை முறைத்தார்கள். இப்போது கலசத்துக்கு ஏதோ கோளாறென்று திங்கட்கிழமை லண்டனுக்கு அனுப்பிப் பிரித்துப் பார்க்கப் போகிறீர்களாம். வேண்டாம் அம்மா. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பிரிக்கும்போது ஒரு ஆட்டுத்தலை உடைந்தாலும் என் மனசு தாங்காது.

இதைப் படித்ததும் என்னை நிறுத்திவிடுவீர்கள், அதுதான் நியாயம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி டோரீன் போனபிறகு நான் மனுஷர்களோடு பேசுவது அந்த இரண்டு நாள்தான். மற்ற நாளெல்லாம் கெட்டில்தான் சத்தம் போடுகிறது. வரவேற்பறை இல்லையென்றால் மாடிப்படிப் பக்கமாவது ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். அங்கே மோந்து பார்க்க ஒன்றும் கிடையாது.

தங்கள் குடும்பமும் மாளிகைக் கூரையும் இந்த மழையில் ஒழுகாமல் இருக்கப் பிரார்த்திக்கும்,
வில்ஃப்ரெட் நட்டல்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டும்போதே உங்கள் போன் வந்துவிட்டது. "கலசம் எங்கேயும் போகலை, மிஸ்டர் நட்டல். வியாழக்கிழமை வழக்கம்போல வந்துடுங்க. மழைன்னு சொல்றாங்க, தைலத்தை நல்லாத் தேய்ச்சுக்கிட்டு வாங்க" என்றீர்கள். தைலத்தைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லையே! தபால்தலையை ஒட்டிவிட்டேன், வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். மேலே எழுதியது எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம்.