ஃபிட்டர் அண்ணாச்சியின் குறட்டை

அடுத்தவன் தூங்குவதைக் கண்கொட்டாமல் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்த மனிதர், ராஜபாளையம் வட்டாரத்திலேயே எங்கள் ஃபிட்டர் அண்ணாச்சி ஒருவர்தான். நூல் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து, பகலில் ஒரே அறையில் நாங்கள் நான்கு பேர் படுப்போம். அண்ணாச்சி மட்டும் உடனே படுக்க மாட்டார். எங்கள் கால்மாட்டில் நின்று, மில் மிஷினுக்குப் பார்ப்பதுபோல எங்கள் தூக்கத்துக்கும் ரிப்பேர் பார்ப்பார்.

தளவாய்புரத்து முருகன் தூக்கத்தில் உதைப்பான். "படுக்கறதுக்கு முந்தி கால் குறுகுறுன்னா அது ஒரு வியாதி. தூங்கின பொறவு உதைச்சா அது வேற வியாதி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீக" என்பார்.

சாப்பிடும்போதே கணேசன் தட்டில் சாய்வான். "ஷிப்ட் மாறுனதால சொக்குறது வேற. நல்லாத் தூங்கியும் இப்படி விழுந்தா டாக்டரைப் பாக்கணும்லே."

எனக்குத் தூக்கமே வராது. "படுத்தும் தூக்கம் வரலைன்னா இன்சோம்னியா. படுக்காம செல்லை நோண்டுனா அது கொழுப்பு!"

அதன்பிறகு அண்ணாச்சி படுத்துக் குறட்டையை ஆரம்பிப்பார். அசல் ஸ்பின்னிங் மிஷின் சத்தம். அதைக் கேட்டால்தான் எங்களுக்கே, எனக்கும் சேர்த்து, தூக்கம் வரும்.

ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. மில்லில் மிஷின் நின்றால் சூப்பர்வைசர் தொலைத்துவிடுவார். அந்தப் பயத்தில் மூன்று பேரும் அலறி எழுந்தோம். முருகன் கண்ணை மூடியபடியே சுவரில் சுவிட்சைத் தேடினான். கணேசன், அறுந்த நூலை ஒட்டுவதாக நினைத்து அண்ணாச்சியின் மீசையைப் பிடித்து முறுக்கினான்.

"ஏலே!" என்று மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தார் அண்ணாச்சி. நின்றது மிஷின் இல்லை, அவருடைய மூச்சு என்று அப்போதுதான் புரிந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர்ட்ட போவோம் அண்ணாச்சி."

"எனக்கா? ஊருக்கே வைத்தியம் சொல்லுதவன்டா நான்!"

பால்கோவா வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏற்றினோம். "வெறும் குறட்டைன்னா பக்கத்துல படுக்கறவங்களுக்குத்தான் தொந்தரவு. நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்தா உங்க உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். பரிசோதனை முடிந்து, மூக்கில் மாட்டும் காற்று மிஷின் வந்தது. மாட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தவர், அதைப் புரட்டிப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார்.

"அட, மோட்டாரு! மொதல்லயே சொல்லிருக்கலாம்லா!"

இப்போது அண்ணாச்சி சத்தமே இல்லாமல் தூங்குகிறார். எங்களுக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

"மூச்சு ஓடுதாலே?" என்பான் முருகன்.

"ஓடுது, படு" என்பான் கணேசன்.

யாரும் படுப்பதில்லை. அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் தூக்கம் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், அண்ணாச்சி நன்றாகத் தூங்கட்டும்.