உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது

வெலிங்டன் (குன்னூர் அருகில்)
தேதி: கடைசியில் போடுகிறேன். காலண்டர் சமையலறையில் தொங்குகிறது. கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க முடியாத நிலை.

அன்புள்ள மாப்பிள்ளை ஜெஃப்ரிக்கு,

உன் மச்சான் மனுவேல் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுதிப் பழக்கமில்லை. கோயமுத்தூரில் நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நீங்கள் எப்போதும் சுகமாகத்தான் இருக்கிறீர்கள்.

உன்னோடு பேச்சை நிறுத்திவிட்ட மனிதனிடமிருந்து கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். உன் அக்கா கெஸியா காலையிலிருந்து போனில் ஒரே பாட்டாகப் பாடுகிறாள்: "ஏனுங்க, ஜெஃப்ரிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க." போட மாட்டேன். போனில் பேசினால் நாளைக்கு நீ அப்படிச் சொல்லவே இல்லை என்பாய். எழுத்தில் இருந்தால் யாரும் மறுக்க முடியாது. இன்று மாலை ஐந்து மணிக்கு நடக்கப்போகிற அநியாயத்துக்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கட்டும் என்றுதான், எதிரே கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, அது சுற்றிக்கொண்டே இருக்கும் நேரங்களில் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். குன்னூர் பள்ளியில் கெஸியாவின் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் இடம் காலியாகியிருக்கிறது. கூடலூர் பள்ளிக்கு அவளைத் தூக்கிப் போட்ட நாளிலிருந்து இப்படி ஓர் இடம் இப்போதுதான் வருகிறது. இடமாறுதல் கேட்பவர்கள் இணையதளத்தில் விருப்பமான பள்ளியைப் பதிவு செய்ய இன்றுதான் கடைசி நாள், ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். உன் அக்கா திங்கள் விடியலில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்து, வெள்ளி இரவு முகம் வெளுத்துத் திரும்பி வருகிறாளே, அதை நீ ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் பார்க்கிறேன். கூடலூரில் மூன்று நாளாக விடாத மழை, கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. பள்ளித் தண்ணீர் டேங்க் பக்கத்தில் ஓர் இடத்தில் நின்றால் மட்டும் போன் எடுக்கிறது. அதனால்தான் பொறுப்பு என் தலையில் வந்தது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, காலையில் குளித்துச் சட்டை மாற்றி, ஜெபம் பண்ணி, நீ கொடுத்த கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். உங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேண்டாமென்று மூலையில் ஒதுக்கியிருந்ததைத் துணியால் துடைத்து "மச்சான், புதுசு மாதிரி" என்று கொடுத்தாயே, அதேதான்.

பக்கம் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் சிவப்பாக ஒரு முக்கோணம். 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல. உங்கள் தகவல்களை யாரேனும் திருட முயலலாம்' என்கிறது. வெளியே வந்து மறுபடி போனேன். இந்த முறை வேறு மாதிரி வாய் திறந்தது: 'உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது.' மாப்பிள்ளை, வாழ்க்கையில் ஒரு நாள்கூட ஆபீசுக்குத் தாமதமாகப் போகாதவன் நான். தினமும் டீ குடித்து முடித்து ஆடி அசைந்து வந்த செல்லையாவுக்கு மேனேஜர் பதவி கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லை. அப்போதுகூட யாரும் என் கடிகாரத்தைக் குறை சொன்னதில்லை. இருந்தாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், கைக் கடிகாரத்தைப் பார்த்தேன், ரேடியோ செய்தியையும் வைத்துச் சரிபார்த்தேன். மூன்றும் ஒன்று. கம்ப்யூட்டரின் கீழ் மூலையில் இருக்கும் நேரமும் அதுவே. பிறகு எது பின்தங்கியிருக்கிறது?

"மச்சான் எதையாவது நோண்டியிருப்பாரு" என்று நீ உன் மனைவியிடம் சொல்வது இங்கே கேட்கிறது. உங்கள் குடும்பத்தைப் போல் பொருளை அழிய விடுகிறவன் அல்ல நான். மலை ஈரம் என்னவென்று கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தெரியாது. இங்கே பீரோவுக்குள் பல்பு எரியவிடாவிட்டால் கோட்டில் பூஞ்சை பூக்கும். மழைக்கு முன்னால் டார்ச், ரிமோட் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியைக் கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது என் வழக்கம். இல்லாவிட்டால் பச்சை பிடித்துப் பொருளே பாழாகும். இந்த வருடம் உன் கம்ப்யூட்டரையும் விடவில்லை. மூடியைத் திறந்து தூசி தட்டிப் பார்த்தால் உள்ளே ஐந்து ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி. அதையும் நெம்பி எடுத்து டின்னில் போட்டேன். அது இல்லாமலே ஜோராக ஓடுகிறது. தேவையில்லாத சாமான்களை உள்ளே வைத்து விற்பதுதானே உங்கள் தொழில்! ஒரே ஒரு சங்கடம், கரண்ட் போய் வந்தால் மணி பன்னிரண்டு என்று காட்டும். நான் கைக் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் திருத்திவிடுகிறேன். இதைவிட எப்படி ஒருவன் ஒரு யந்திரத்தைப் பேணுவான்?

நெட் இணைப்பு கொடுத்த பாலனைக் கூப்பிட்டேன்.

"சார், பாக்ஸ்ல பச்ச லைட்டு எரியுதுங்களா?"

"எரியுது."

"அப்ப நெட்டு நல்லா இருக்குதுங்க. கம்ப்யூட்டர் பிளக்க ஒருக்கா புடுங்கி மாட்டுங்க."

பிடுங்கி மாட்டினேன். மணி பன்னிரண்டு என்றது. திருத்தினேன். மறுபடி அதே சிவப்பு முக்கோணம்.

"பாலா, யாரோ திருடப் பாக்கறாங்கன்னு எழுத்துலயே சொல்லுது. நீ லைட்டப் பத்திப் பேசற."

"உங்க நெட்டுல வேற யாராச்சும் இருக்கறாங்களா சார்?"

அந்த ஒரு வார்த்தை போதாதா? பக்கத்து வீட்டு சுடலைமணி போன வருடம் மே மாதம் என்னிடம் வைஃபை பாஸ்வேர்ட் வாங்கினான், ஒரே ஒரு நாள் மகளின் பரீட்சை ரிசல்ட் பார்க்க என்று. ரிசல்ட் வந்தது, அவள் காலேஜும் சேர்ந்துவிட்டாள், அவன் மட்டும் என் நெட்டை விட்டு இறங்கவே இல்லை. குடையை எடுத்துக்கொண்டு போனேன். சோபாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். "திருடறதா இருந்தா சொல்லிட்டுத் திருடு" என்றேன். அவன் எழுந்து நின்றான். "என்னங்க மனுவேல் அண்ணா, வாய்க்கு வந்ததப் பேசறீங்க? உங்க நெட்டுல கிரிக்கெட்டு பந்து போட்டா பேட்ஸ்மேன் அவுட்டாகி வீட்டுக்கே போயிடறான், அப்பறந்தான் பந்து வருது. இதத் திருடறதுக்கு ஆளு வேற வேணுமா?" என்றான். அவன் மனைவி வேலாமணி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "அண்ணா, அவசரம்னா எங்க போன்லயே பாத்துக்கங்க, எங்க சிம்முல தனி நெட்டு இருக்குது" என்று போனை நீட்டினாள். உன் அக்காவின் பாஸ்வேர்டை அந்த மனிதன் போனில் போடுவதா? வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். நனைந்தது மட்டும் மிச்சம்.

வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். முக்கோணம் போகவில்லை. பழைய நினைவுகளையெல்லாம் அழிக்கச் சொல்லி ஒரு பட்டன் இருந்தது, அழித்தேன். கெஸியா சேமித்து வைத்திருந்த அத்தனையும் அதோடு போயிற்று. பிரவுசரையே கழற்றிவிட்டுப் புதிதாக இறக்கலாம் என்றால், இறக்கப் போகிற இடமும் பாதுகாப்பில்லையாம். பேங்க் பாதுகாப்பில்லை, செய்தித்தாள் பாதுகாப்பில்லை. ஒன்றே ஒன்று எதிர்ப்பில்லாமல் திறந்தது: நாய்க்குட்டிகளுக்குப் பெயர் வைப்பது எப்படி என்று யாரோ எந்தக் காலத்திலோ எழுதிப் போட்ட பக்கம். 'ஆபத்தைப் பொருட்படுத்தாமல் தொடர்க' என்று மற்ற இடங்களில் ஒரு வழியாவது காட்டுகிறது. இந்த அரசாங்கப் பக்கத்தில் அதுவும் இல்லை. குன்னூருக்குப் போய் பிரவுசிங் சென்டரில் பார்க்கலாம் என்றால் வழியில் கற்பூர மரம் சாய்ந்து பஸ் ஓடவில்லை. நீ போன வருடம் அனுப்பிய செல்போனைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேனே, அதை இந்தச் சமயத்தில் ஞாபகப்படுத்தாதே.

இப்போது கெஸியா மறுபடி கூப்பிட்டாள். மழைச் சத்தத்தில் பாதி வார்த்தை காதில் விழவில்லை.

"ஆச்சுங்களா?"

"ஆயிட்டே இருக்குது."

"ஏனுங்க, குரல் ஒரு மாதிரி இருக்குது. நெசமாச் சொல்லுங்க."

"சொல்றேனில்ல, சுத்திட்டு இருக்குது."

இருமினாள். பிறகு, "ஆகலீன்னா பரவால்லீங்க. இன்னும் கொஞ்ச வருசந்தானே. நா இங்கயே இருந்துக்கறேன், எனக்குப் பழகிப்போச்சு. நீங்க டென்சன் ஆகாதீங்க" என்றாள். அவளுக்குப் பழகிப்போயிருக்கலாம் ஜெஃப்ரி. வீட்டில் ஒருத்தனுக்கு மட்டும் சோறு வைத்து, ஒரு தட்டை மட்டும் கழுவி, அந்தத் தட்டோடு பேசிக்கொண்டிருக்கிற எனக்குப் பழகவில்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

நேரம் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மூலம் நீ. 2011இல் உன் கல்யாணத்தில், குடும்பத்தார் மட்டும் மேடைக்கு வாங்க என்று ஃபோட்டோக்காரர் கூப்பிட்டபோது, நான் படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். "மச்சான், பந்தியக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்றாய். போய்ப் பார்த்துக்கொண்டேன். உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பெரிய ஃபோட்டோவில் உன் சித்தி வீட்டு டிரைவர்கூட இருக்கிறான். வலது ஓரத்தில், பிரியாணி வாளியோடு ஒரு முழங்கை தெரியும், அது என்னுடையது. அன்றைக்கு மேடையிலிருந்து இறக்கியவன் இன்றைக்கு இந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டு கழுத்தறுக்கிறாய். கெஸியாவுக்கு இந்த இடம் கிடைக்காமல் போனால் உன் வாசற்படி மிதிக்க மாட்டேன், என் வாசற்படியையும் நீ மிதிக்க வேண்டாம்.

இன்னும் ஒரு முறை பார்ப்பேன். ஆகாவிட்டால் சுடலைமணி வீட்டுக் கதவைத் தட்டி, மன்னிப்புக் கேட்டு, அந்தப் போனையே வாங்கப் போகிறேன். அந்த அவமானமும் உன் கணக்கிலேயே சேரட்டும்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. உன் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளைச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
மேடைக்குக் கீழே நின்ற உன் மச்சான்,
மனுவேல்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேலே தேதி விட்டுப்போனது ஞாபகம் வந்தது. தேதியில்லாத கடிதம் எதற்கும் உதவாது. சமையலறைக்குப் போகச் சோம்பல்பட்டு, கம்ப்யூட்டர் மூலையில் நேரம் இருக்கும் இடத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். தேதி காட்டியது: வியாழக்கிழமை, 1 ஜனவரி 2009.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மணியையும் நிமிடத்தையும் திருத்தினேனே தவிர, அந்தப் பேட்டரி போனதில் வருடமும் பின்னால் போனதை யார் பார்த்தார்கள்? பிஸ்கட் டின்னைப் பற்றி மேலே எழுதியதை நீ படிக்காமல் தாண்டிவிடு. சமையலறைக்கு ஓடிக் காலண்டரைப் பார்த்து வந்து, நாள், மாதம், வருடம் மூன்றையும் திருத்தினேன். பக்கம் திறந்தது, மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படத்தோடு, ஒன்றுமே நடக்காதது மாதிரி. கெஸியா போனில் பாஸ்வேர்ட் சொல்லச் சொல்லப் போட்டேன், முதல் விருப்பம் குன்னூர் என்று போட்டேன், பதிவு ஏற்கப்பட்டது என்று வந்தது. ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்சம் பாக்கியிருந்தது. அவள் ஒரு ஸ்தோத்திரம் சொன்னாள். பிறகு, "கடசீல ஜெஃப்ரிகிட்டக் கேட்டீங்களா?" என்றாள். "கேட்டேன், இப்பத்தான் எழுதி முடிச்சேன்" என்றேன். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு நாளாயிற்று.

இத்தனை பக்கத்தையும் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை, கிழிக்கவும் மனமில்லை. ஒரு வழி செய்கிறேன். 2009 ஜனவரி முதல் தேதி நீ எங்கள் வீட்டில்தான் இருந்தாய். ஆராதனை முடிந்து வந்து, தகரக் கூரைமேல் ஏறி டிவி டிஷ்ஷைத் திருப்பினாய். நான் ஜன்னலில் நின்று "வருது, வருது, போச்சு" என்று கத்தினேன். அன்றைக்கு நமக்குள் ஒரு தகராறும் கிடையாது. அதனால் இந்தக் கடிதத்துக்கு அந்தத் தேதியே இருக்கட்டும். அந்தத் தேதியில் உனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, மாப்பிள்ளை. ஆகும்போது ஃபோட்டோவுக்கு என்னையும் கூப்பிடு.