காளானை மறுபடி அசைவமாக்கக் கோரி

பாளையம்பட்டி
செப்டம்பர் 1998

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

தங்கச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. அத்தையும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் மூச்சைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

அன்று அருப்புக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில், உங்கள் மாத்திரை விற்பனைக் கூட்டத்தில் அப்பாவை மேடையேற்றி, "எங்க அத்தானுக்குப் பத்து வருச இளைப்பு, காளான் மாத்திரையில ஓடியே போச்சு" என்று நீங்கள் மைக்கில் சொன்னபோது, இளைப்பைப் போக்கியது காளான் இல்லை, உங்கள் அக்காதான் என்று நான் சொல்லவில்லை. இளைப்புக்கு டாக்டர் கொடுத்த ஸ்பிரேயை அப்பா எல்லோர் முன்னாலும் உங்கள் கையில் ஒப்படைத்தபோதும் சொல்லவில்லை. கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

நீங்கள் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்த அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். அதிலிருந்த படத்தைப் பார்த்ததுமே அம்மா, "குப்பையில மொளைக்கிறத எம் வாசப்படி தாண்டிக் கொண்டாராத இன்பராஜு" என்றாள். "அக்கா, சீனாவுல ராசாமாரெல்லாம் சாப்பிட்டதுக்கா" என்றீர்கள். "அவுக வீட்டுல தறி ஓடுச்சாக்கும்?" என்றாள். காளானும் அசைவம், முட்டைக்கு உள்ள சட்டமே அதற்கும் என்று தீர்ப்பானது. தெருவில் நின்றுதான் விழுங்க வேண்டும், அதற்குத் தனி டம்ளர், விழுங்கிய பிறகு தலைக்குக் குளிக்காமல் தறிக்கூடத்தில் கால் வைக்கக் கூடாது, ஏனென்றால் நம் வீட்டில் தறிதான் சாமி. குழாய்த் தண்ணீரோ சாயங்காலம்தான் வரும். ஆகவே அப்பா காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, கூலிக்கு ஆள் வைத்துத் தறியை ஓட்டச் சொல்லிவிட்டு, நாள் முழுக்க எதிரே சோலை அண்ணனின் சைக்கிள் கடைப் பெஞ்சில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பஞ்சுத் தூசி படாத அந்த மாதத்தில்தான் மாமா, இளைப்பு அடங்கியது. சோலை அண்ணன்கூட, "மேடையில நம்ம பெஞ்சப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டார். அப்பா சொல்லவில்லை.

கைதட்டலைக் கேட்டபின் அம்மா மனம் மாறிவிட்டாள். டப்பா இப்போது சாமி ரூமில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், விபூதிப் பட்டையோடு இருக்கிறது. காளான் சைவமாகிவிட்டதால் அப்பா வீட்டுக்குள்ளேயே விழுங்கிவிட்டு நேரே தறிக்குப் போகிறார். நாலாம் நாளே நெஞ்சில் விசில் வந்துவிட்டது. கேட்டால், "மருந்து வேலை செய்யுதும்மா, உள்ள கெடந்ததெல்லாம் வெளிய வருது" என்கிறார். ஸ்பிரேயைத் திருப்பி வாங்கலாமா என்றால், "மேடையில குடுத்தத மச்சினன்கிட்டப் போயிக் கேட்டா நாலு பேரு என்ன நெனப்பாக?" என்கிறார். அந்த நாலு பேருக்கும் மூச்சு நன்றாகத்தான் வருகிறது. நேற்று தறிச் சத்தத்தையும் மீறி அவர் மூச்சு எனக்குக் கேட்டது. பயமாக இருக்கிறது மாமா.

காளானின் குணத்தைப் பற்றி உங்களோடு வாதாட எனக்குப் படிப்பு போதாது. கேட்பது இரண்டு உதவிதான். ஸ்பிரேயை அடுத்த பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். அந்தக் காளான் சுத்த அசைவம் என்று அம்மாவுக்கு உங்கள் கைப்பட ஒரு வரி எழுதுங்கள். இனி டப்பா மட்டும் தயவுசெய்து அனுப்பவே வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கூட்டங்களில் நாற்காலிகள் நிறையட்டும். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் ஆள் கேட்காதீர்கள்.

பணிவுடன்,
தங்கச்செல்வி

பி.கு. (நாலு நாள் கழித்து எழுதுவது): மேலே கேட்ட எதுவும் வேண்டாம். அன்று கடிதத்தை ஒட்டக் கோந்து எடுக்கப் போனபோது அப்பா பேச்சு வராமல் தறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இப்போது தேவலை, புது ஸ்பிரே சட்டைப்பையில் இருக்கிறது. திரும்பி வந்ததும் காளான் பழையபடி அசைவம் என்று நானே வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அம்மா சாமி ரூமைக் கழுவிவிட்டாள். அப்பா பெஞ்சுக்குப் போய்விட்டார். நீங்கள் ஒரே ஒரு டப்பா மட்டும் உடனே அனுப்புங்கள், அம்மாவுக்கு. கூலி ஆள் கிடைக்காததால் அவள்தான் தறி ஓட்டுகிறாள். நேற்றிலிருந்து இருமுகிறாள்.