கேட்டால் சந்தேகம், கேட்காவிட்டால் தேவையில்லை

அலுவலகத்துக்கு ஒருவர் என்று அனுப்பிவைத்தாற்போல, நீங்கள் எங்கே போனாலும் இவர் இருப்பார். டேட்டாபேஸ் சர்வரின் அட்மின் உரிமை இவர் கையில் இருக்கும். அதாவது உள்ளே கிடக்கும் எந்தத் தகவலையும் திருத்தலாம், அழிக்கலாம். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்றும் முடிவு செய்யலாம். இதில் விடாமல் இருப்பதில் மட்டும்தான் இவருக்கு ருசி.

நமக்குத் தெரிந்தவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதிவறையில் இருந்தார். ஊழியர்கள் வைத்த பெயர் சாவிக்கொத்தார். நம்பிக்கையானவர்களுக்கு அட்மின் உரிமை தரலாம் என்று விதி இருக்கத்தான் இருந்தது. யார் நம்பிக்கையானவர்? உரிமை கேட்டு வருகிறவர் எதற்கோ அடிபோடுகிறார், ஆகவே ஆபத்தானவர். கேட்காதவருக்கு அது தேவையே இல்லை. இப்படிச் சலித்துச் சலித்து ஒன்பது வருஷத்தில் ஒரு ஆளும் தேறவில்லை. விடாக்கண்டர்களுக்கென்று மூன்று பக்கப் படிவம் ஒன்றும் வைத்திருந்தார்: அவசியம் என்ன, எத்தனை நாளைக்கு, இது இல்லாமல் இதுவரை எப்படிச் சமாளித்தீர்.

நோயாளியின் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமென்றாலும் வார்டு நர்ஸ் மூன்று மாடி ஏறி வந்து நிற்க வேண்டும். இவர் கண்ணாடியைத் துடைத்து, பெருமூச்சு விட்டு, விரல்களைச் சொடுக்கி, கீபோர்டை உடம்பால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டுவார். அரை நிமிஷ வேலை. அரை மணி நேர வைபவம். நான் ஒருநாள் வராவிட்டால் இந்த ஆஸ்பத்திரி என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுத்தான் நர்ஸை அனுப்புவார். மதியம் அவர் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்குப் போகையில் அவசரத் திருத்தங்கள் எப்படி நடந்தன என்று மட்டும் அவர் யோசித்ததில்லை. நீங்களும் இப்போதைக்கு யோசிக்க வேண்டாம்.

இந்நிலையில் வேறு ஊரில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று முறை ரயில் டிக்கெட் எடுத்தார், மூன்று முறையும் ரத்து செய்தார். சர்வரை யாரிடம் விட்டுப் போவது? நான்காவது டிக்கெட்டை மனைவியே எடுத்துவிட்டார்.

"இந்தத் தடவையும் வரலைன்னா விடுங்க. தாத்தா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கற ஃபோட்டோவைக் காட்டியே குழந்தையை வளத்துக்கறோம்."

மனுஷருக்குச் சுருக்கென்று தைத்தது. பேத்தியைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று அவருக்கும் ஆசை நிறையவே இருந்தது.

நான்கு மணிக்கு ரயில். இரண்டரை மணிக்கு ஒரு வழியாக ஆளைத் தேர்ந்தெடுத்தார். பதிவறையில் அவருக்கு முன்பிருந்தே வேலை பார்க்கும் மூத்த கிளார்க், எல்லோருக்கும் அக்கா. ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு பெரிய பொறுப்பைத் தரப்போவதாகவும், கை நடுங்கக்கூடாது என்றும் அவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அக்கா சரி சார் என்று சொல்லிவிட்டு ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

சாவிக்கொத்தார் அக்காவின் பெயரை அடித்து, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டினார். திறந்து பார்த்தால் திரையில் பதில்: இவருக்கு இந்த உரிமை ஏற்கெனவே உள்ளது. கொடுத்தவர், பழைய அட்மின்.

நம் ஆள் என்ன செய்தார்? பக்கத்து மேசையிலிருக்கும் அக்காவை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தால் அவர் சாவிக்கொத்தாரே அல்ல. உடனே பிடுங்கு என்று கட்டளை போட்டார். சர்வர் தயங்கியது. இவர் கொடுத்து உரிமை பெற்ற இன்னொருவரும் இருக்கிறார், அவருடையதும் சேர்ந்து போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டது. ஓஹோ, நமக்குத் தெரியாமல் வாரி வேறு வழங்கியிருக்கிறாளா! அந்த இன்னொருவர் யாரென்றுகூடப் பார்க்காமல் ஆமாம் என்று ஓங்கி அடித்தார்.

அந்த இன்னொருவர் சாவிக்கொத்தாரேதான்.

அவர் வேலையில் சேர்ந்தபோது பழைய அட்மின் ஓய்வு பெற்றுப் போய்விட்டிருந்தார். கண்காணிப்பாளர் சொன்னதன்பேரில் அக்காதான் இவருக்கு உரிமை கொடுத்தார். கொடுத்துவிட்டு, சாப்பாட்டு வேளைகளில் நர்ஸ்களைக் காக்க வைக்காமல் வேலையை முடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது சாவிக்கொத்தார் எதை அடித்தாலும் உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை. கீழே டாக்ஸியில் உட்கார்ந்திருந்த மனைவி விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னார். அக்கா திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு, இரும்பு அலமாரியைத் திறந்து, சீல் வைத்த உறையிலிருந்த தலைமை பாஸ்வேர்டை எடுத்துத் தன் உரிமையை மீட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் ஆயிற்று.

"அப்படியே எனக்கும்..." என்று இழுத்தார் சாவிக்கொத்தார்.

அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து அந்த மூன்று பக்கப் படிவத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"எத்தனை நாளைக்குன்னு மட்டும் தெளிவா எழுதுங்க சார். அவசரமில்ல, ஊருக்குப் போயிட்டு வந்தே எழுதலாம். குழந்தை காத்துட்டிருக்கும், கிளம்புங்க."

ரயிலைப் பிடித்துவிட்டார். ஒரு வாரமாக ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை; அந்த வருத்தம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பேத்தி அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்தவள் பிடித்தவள்தான், இழுத்துப் பார்த்தும் விடவில்லை. அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருக்கா என்றார் மனைவி.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டோ, பீரோ சாவியோ, அலுவலகத்து முத்திரையோ, உங்கள் கையிலும் ஏதோ ஒன்று இருக்குமே? அடுத்த முறை யாரிடமிருந்தாவது எதையாவது பிடுங்கப் போகும்போது, உங்களுக்கு அதைக் கொடுத்தவர் யார் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.